விடுதலைப் பத்திரமா? அடிமைப் பத்திரமா?

(பெண்கள் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்றைய கூட்டத்திற்குத் தலைமை வகிக்கும் அம்மையார் அவர்கள், பெண்ணுரிமையைப் பற்றியும் பெண்கள் தலைமை வகிப்பதைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்லும்படி நமக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். பெண்கள் நிறைந்த கூட்டத்தில் ஓர் ஆண் எழுந்து நின்று பெண் விடுதலையைப் பற்றி உபதேசம் செய்வதென்பது, வட்டிக்கடைக்காரர் கடன்காரருக்குச் சிக்கனத்தைப் பற்றிப் புத்தி சொல்லுவது போன்ற காரியமேயாகும். ஆதலால் நாம் உபதேசம் ஒன்றும் செய்யப்போவதில்லை. ஒரு வீட்டில் பாட்டி, தாய், பேத்தி ஆகிய மூன்று பெண்மணிகள் பேசிக்கொண்டதை நாம் பக்கத்திலிருந்து கேட்கும்படி நேர்ந்தது. அதை உங்களுக்கு எடுத்துச் சொல்லி, அதிலிருந்து நமக்குத் தோன்றிய அபிப்பிராயத்தையும் சொல்லி முடித்துக்கொள்ளலாமென்று நினைக்கிறோம். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். உங்கள் அறிவைக்கொண்டு ஆராய்ந்து, சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பிரசாரக் கூட்டத்திற்காகத் தஞ்சைப் பக்கத்து ஊரொன்றுக்குப் போயிருந்தபோது, நமது தோழர் ஒருவர் வீட்டில் தங்கியிருந்தோம். காலை வேளையில் அத்தோழருடைய மனைவியாரின் தமையனார் வந்து சேர்ந்தார். கூடவே எண்பது வயதான தமது தாயாரையும் காரில் வைத்து அழைத்து வந்தார். கையில் ஒரு பத்திரம். எழுத வேண்டியதெல்லாம் எழுதி, கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. தகப்பனார் காலமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. அவர் உயில் எழுதி வைக்கவில்லை. பூர்வீக நஞ்சை ஒன்பது மா, அதாவது சுமார் மூன்று ஏக்கர், பாகப்பிரிவினை ஆகாமல் கிடந்தது. அந்த நிலத்தில் தமக்கு உள்ள பங்கைத் தங்கை தம் தமையனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டதாக எழுதிய பத்திரம்தான் அது.

அதற்கு நமது நாட்டில் என்ன பெயர் தெரியுமா? "விடுதலைப் பத்திரம்" என்று பெயர். சார்பதிவாளர் அலுவலகத்திலும் அதே பெயர்தான். தோழர்களே, நாம் விடுதலை விடுதலை என்று மேடைமேல் நின்று தொண்டை கிழியக் கத்துகிறோம். ஆனால் ஒரு பெண் தன் சொத்தைக் கைவிட்டு வெறுங்கையோடு நிற்பதற்குத்தான் இந்த நாட்டு ஆண்கள் விடுதலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யாருக்கு யாரிடமிருந்து விடுதலை என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மூவர் பேச்சு

அந்த அம்மாள் சாதாரணமானவரல்ல. அவ்வூர் மகளிர் சுய உதவிக் குழுவுக்குத் தலைவி. இருபது பெண்களின் சேமிப்புக்கும் கடனுக்கும் ஜவாப்தாரி. வங்கி மேலாளரின் எதிரில் உட்கார்ந்து, "இந்த வட்டிக் கணக்கு எப்படி வந்தது?" என்று கேட்கத் தெரிந்தவர். லட்சக்கணக்கான ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்டவர். அப்படிப்பட்டவர், தமையனார் பேனாவை எடுத்து நீட்டியவுடன் வாய் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டார். வெளியில் தலைவி, பிறந்த வீட்டார் முன்னிலையில் குழந்தை.

மூதாட்டிதான் முதலில் பேசினார். "போடும்மா. அண்ணன் என்ன அந்நியனா? கல்யாணத்துக்குப் பத்துப் பவுன் போட்டோம், பாத்திரம் பண்டமெல்லாம் கொடுத்தோம். வருஷா வருஷம் பொங்கச்சீர் தவறாமல் வருதா இல்லையா? இதைப் போடலேன்னா நாளைக்கு அண்ணன் வாசப்படி மிதிப்பானா? நீ கண்ணை மூடினா பொறந்த வீட்டுக் கோடி போட யாரு வருவா?" என்றார்.

பேத்திக்கு வயது இருபத்தாறு. பட்டப் படிப்புப் படித்து வேலையிலிருப்பவள். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அம்மாச்சி, உங்களுக்குச் சட்டம் தெரியாது. நீங்க சும்மா இருங்க. உங்களை மாதிரி ஆளுங்களாலதான் பொம்பளைங்க இப்படியே கிடக்கிறோம்" என்றாள்.

அவ்வளவுதான். கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாலு எழுத்துப் படிச்சா பெரியவங்களை எடுத்தெறிஞ்சு பேசச் சொல்லுதா?" என்று ஆரம்பித்தார். தமையனார் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. பாட்டியும் பேத்தியும் சண்டை போட்டுக்கொண்டால் பத்திரத்தைப் பற்றி யாரும் பேசமாட்டார்களல்லவா? நமக்கும் வாய் துருதுருவென்று வந்தது. சட்டப் பிரிவுகளையெல்லாம் எடுத்து விளாச வேண்டுமென்றுதான் தோன்றிற்று. ஆனால், பெண்கள் பேசுகிற இடத்திலும் நாம்தானா தலைமை வகிக்க வேண்டும் என்ற யோசனை வந்து, சும்மா இருந்தோம்.

அப்போதுதான் அந்தத் தாய் வாயைத் திறந்தார். தமையனாரைப் பார்த்துப் பேசவில்லை, மகளைப் பார்த்தும் பேசவில்லை. தம் தாயாரைப் பார்த்து, "அம்மா, தாத்தா செத்தப்ப நீ மாமாக்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தியா?" என்று கேட்டார்.

மூதாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கையெழுத்து எங்கே போட்டேன்? கட்டை விரலைப் பிடிச்சு வச்சாங்க" என்றார்.

"அப்புறம் என்ன ஆச்சு?"

அப்புறம் என்ன ஆயிற்று என்று ஐம்பது வருட காலமாக அந்த அம்மையாரை ஒருவரும் கேட்டதில்லை போலிருக்கிறது. கேட்டவுடன் எல்லாம் வெளியே வந்துவிட்டது. கணவர் நோயாகப் படுத்த வருடம், இரண்டு மூட்டை நெல் கடனாகக் கேட்டுப் பிறந்த வீட்டுக்குப் போனார். அண்ணன்மார் வீட்டுக்குள்ளேகூட அழைக்கவில்லை. திண்ணையில் உட்கார வைத்து, "இப்பத்தான் விதை நெல் எடுத்தோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த நெல், தாம் கட்டை விரலை வைத்துக் கொடுத்த நிலத்தில் விளைந்த நெல் என்பது அவருக்குத் தெரியும். அதை இத்தனை வருடமாக ஒருவரிடமும் சொன்னதில்லை. "பொறந்த வீட்டைக் குறை சொன்னா எனக்குத்தானே அசிங்கம்" என்றார். கடைசியில், "எனக்குக் கோடி போட வேண்டியவனுக ரெண்டு பேரும் எனக்கு முன்னாடியே போயிட்டானுக" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு வீட்டில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

பிறகு பேத்தி பாட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவருடைய வெற்றிலைப் பெட்டியைத் திறந்து ஒன்பது வெற்றிலையை எடுத்தாள். "அம்மாச்சி, ஒரு வெத்தலை ஒரு மா. தாத்தாவுக்கு மூணு, மாமாவுக்கு மூணு, அம்மாவுக்கு மூணு. தாத்தா போயிட்டாங்க. அவங்க பங்கு மூணும் மூணு பேருக்கு ஒண்ணொண்ணு" என்று சொல்லிப் பிரித்து வைத்தாள். மாமன் முன் நான்கு வெற்றிலை, தாய் முன் நான்கு வெற்றிலை. மூதாட்டியின் முன் ஒன்று.

"இது யாருக்கு?" என்றார் கிழவி.

"உங்களுக்குத்தான். நீங்க தாத்தாவோட மனைவி இல்லையா?"

"எனக்குமா?"

தோழர்களே! மகளைக் கையெழுத்துப் போடச் சொல்லி வற்புறுத்துவதற்காக அழைத்து வரப்பட்ட அந்த மூதாட்டிக்கு, அதே பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் தம்முடைய கட்டை விரலுக்கும் இடம் விட்டு வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. காவலுக்கு வைத்த ஆளின் மடியிலும் கையை விட்டிருக்கிறார்கள்!

அன்றைக்குக் கையெழுத்து விழவில்லை. தமையனார் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். மூதாட்டி மகள் வீட்டிலேயே தங்கிவிட்டார். நாம் ஊர் திரும்புகிற வரையில் அந்தத் தமையனார் மறுபடியும் வரவில்லை. வருவாரா, பொங்கலுக்குச் சீர் கொண்டு வருவாரா என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. உரிமை கேட்பதால் ஒரு நஷ்டமும் வராது என்று உங்களுக்குப் பொய் சொல்ல நாம் வரவில்லை. நஷ்டம் உண்டு. ஆனால் செத்த உடம்பின்மேல் போடப் போகும் ஒரு துணிக்காக, உயிரோடிருக்கும்போது நான்கு மா நிலத்தை விட்டுக்கொடுப்பது எந்த ஊர் வியாபாரம் என்றுதான் கேட்கிறோம்.

சீர் செய்தோம், நகை போட்டோம் என்பவர்களையும் ஒன்று கேட்க வேண்டும். மகனைப் படிக்க வைத்த செலவையும், அவன் கல்யாணச் செலவையும், அவன் தொழில் வைக்கக் கொடுத்த பணத்தையும் எந்தப் பங்கில் கழித்தீர்கள்? மகளுக்குச் செய்தது மட்டும் கணக்கில் ஏறும், மகனுக்குச் செய்தது பாசத்தில் போய்விடும் என்றால், அந்தக் கணக்குப் புத்தகத்தை எழுதியவர் யார்?

சட்டம் வந்த வழி

இந்த மூன்று பேரையும் சட்டம் எப்படி நடத்தியது என்று பாருங்கள். 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் அவர் பங்குக்கு மகளும் ஒரு வாரிசு என்று அதில் ஏற்பட்டது. ஆனால் பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்குப் பிறந்தவுடனேயே பாத்தியம் உண்டு, மகளுக்கு இல்லை என்று வைத்துவிட்டார்கள். பாட்டியின் காலத்துச் சட்டம் அவ்வளவுதான். கொடுத்த அந்தக் கொஞ்சத்தையும் கட்டை விரலைப் பிடித்து வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு, கலைஞர் கருணாநிதி அவர்கள் முதலமைச்சராயிருந்தபோது, 1989-ம் வருடம் மார்ச்சு மாதம் 25-ந் தேதி முதல் செல்லத்தக்கதாகத் தமிழ்நாட்டில் ஒரு திருத்தம் செய்யப்பட்டது. மகனைப்போலவே மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்பினாலேயே பங்கு உண்டு என்றாயிற்று. ஆனால் அந்தத் தேதிக்கு முன் கல்யாணமான பெண்ணுக்கு இல்லை. நாம் சொன்ன அந்தத் தாய்க்குக் கல்யாணமானது 1988-ல். ஒரு வருடத்தில் உரிமை தப்பிப் போயிற்று. அதன்பிறகு 2005-ம் வருடம் செப்டம்பர் 9-ந் தேதி முதல் நாடு முழுமைக்கும் திருத்தம் வந்து, கல்யாணமானவள், ஆகாதவள் என்ற பேதமும் ஒழிந்தது. 2005-ல் தகப்பன் உயிரோடிருந்தால்தான் மகளுக்குப் பங்கு என்று வக்கீல்கள் வாதாடி வந்ததையும், 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு தள்ளிவிட்டது. மகளுக்கு அவ்வுரிமை பிறப்பினாலேயே வந்தது என்று தீர்ப்பாயிற்று.

பெண்களுக்கு ஆண்களைப்போலவே சொத்துரிமையும் வாரிசு பாத்தியதையும் இருக்க வேண்டுமென்று நமது இயக்கம் செங்கல்பட்டில் கூடித் தீர்மானம் செய்தது 1929-ம் வருடம் பிப்ரவரி மாதத்தில். அன்றைக்கு அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் அநேகர். குடும்பம் கெட்டுப்போகும் என்றார்கள். அந்தத் தீர்மானம் தமிழ்நாட்டில் சட்டமாவதற்கு 60 வருடமும், நாடு முழுமைக்கும் சட்டமாவதற்கு 76 வருடமும் ஆயின. அந்த மாநாட்டுப் பந்தலில் உட்கார்ந்திருந்த இளம்பெண் ஒருத்தி, சட்டம் வரும்போது கொள்ளுப்பேத்தியைத் தூக்கி வைத்திருக்க வேண்டிய காலம் அது. ஆகவே பெண்ணுரிமை என்பது ஒரு தலைமுறையில் தீரும் காரியமல்ல. ஒரு தலைமுறை கேட்டதை அடுத்த தலைமுறைக்குச் சொல்லிவிட்டுப் போகாவிட்டால், ஒவ்வொரு தலைமுறையும் அ, ஆ என்று முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

பெண்ணுக்குப் பெண் எதிரியா?

"பெண்ணுக்குப் பெண்ணே எதிரி" என்று ஒரு பேச்சு நம் நாட்டில் வெகு தாராளமாக நடமாடுகிறது. மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்று பழமொழியும் வைத்திருக்கிறார்கள். நாம் இதை மறுக்கிறோம். சட்டி யார் உடைத்தது என்பதல்ல கேள்வி. சட்டி யாருடையது என்பதுதான் கேள்வி. வீடு யார் பேரில் இருக்கிறது? நிலத்தின் பட்டா யார் பேரில் இருக்கிறது? மாமியார் பேரிலுமில்லை, மருமகள் பேரிலுமில்லை. இருவருக்கும் சொந்தமில்லாத சட்டிக்காக இருவரும் அடித்துக்கொள்ள, சட்டிக்குச் சொந்தக்காரன் திண்ணையில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டு, "இந்தப் பெண்களே இப்படித்தான்" என்கிறான்.

ஒரு பெண்ணுக்கு வாழ்நாளெல்லாம் எந்த அதிகாரமும் கொடுக்காமல் வைத்திருந்து, கடைசிக் காலத்தில் மருமகளையும் பேத்தியையும் அடக்கி வைக்கும் அதிகாரத்தை மாத்திரம் கொடுக்கிறார்கள். அதுதான் அவளுக்குக் கிடைக்கும் பென்ஷன். அதற்குத் தலைமை என்று பெயரல்ல. ஜமீன்தார் வீட்டுக் காரியஸ்தனுக்கு உள்ள அதிகாரம் அது. குடியானவர்களை மிரட்டலாம், ஆனால் நிலத்தில் ஒரு குழி சொந்தமில்லை.

இதைச் சொல்லும்போது, மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் நினைவுக்கு வருகிறார். 1883-ல் பிறந்த அவர், சிறு வயதிலேயே தாசிமுறையில் சிக்கி வளர்ந்தவர். அந்த முறை எப்படி உயிரோடிருந்தது? கிழவி குமரிக்குச் சொல்லிக் கொடுத்து, அந்தக் குமரி கிழவியானபின் அடுத்த குமரிக்குச் சொல்லிக் கொடுத்துத்தான் உயிரோடிருந்தது. சொல்லிக் கொடுத்தவர்களும் பெண்கள், கற்றுக்கொண்டவர்களும் பெண்கள். அனுபவித்தவர்களோ கோயிலை வைத்து வாழ்ந்தவர்களும் மிராசுதாரர்களும். அம்மையார் என்ன செய்தார்? அதே வழியைத் திருப்பிவிட்டார். தாம் கண்டதையும் பட்டதையும் ஒளிக்காமல் இளம்பெண்களிடம் சொன்னார். 1936-ல் "தாசிகள் மோசவலை" என்ற நாவலாக எழுதி அச்சிட்டார். 1947-ல் தாசிமுறை சட்டப்படி ஒழிந்தது. அந்தக் குலத்தில் பிறந்த தாயின் மகளான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சட்டசபையில் அதற்காக வாதாடியதும், ராமாமிர்தம் அம்மையார் தெருத் தெருவாகப் பேசியதும் சேர்ந்துதான் அக்காரியம் ஆயிற்று. தாய் பட்டதை மகள் அறிந்திருந்தாள், அதனால் முடிந்தது.

1938-ல் கட்டாய இந்தியை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த தமிழர் பெரும்படையில், ஐம்பத்தைந்து வயதில் அவ்வம்மையார் நடந்தார். ஆகஸ்டு 1-ந் தேதி புறப்பட்டுச் செப்டம்பர் 11-ந் தேதி சென்னை சேர்ந்தார்கள். அவ்வருடம் நவம்பர் 13-ந் தேதி சென்னையில் நீலாம்பிகை அம்மையார் தலைமையில் நடந்த பெண்கள் மாநாட்டில்தான் ஈ.வெ.ரா. அவர்களுக்குப் "பெரியார்" என்ற பட்டம் கொடுக்கப்பட்டது. அந்தப் பட்டம் ஆண்கள் கொடுத்ததல்ல, பெண்கள் கொடுத்தது. மறுநாளே டாக்டர் தர்மாம்பாள், ராமாமிர்தம் அம்மையார், மலர்முகத்தம்மையார், பட்டம்மாள், சீத்தம்மாள் ஆகியவர்கள் மறியல் செய்து சிறை புகுந்தார்கள். அப்போராட்டத்தில் சிறை சென்ற பெண்கள் 73 பேர். தாய்மாரோடு சிறைக்குள் போன குழந்தைகள் 32. மூன்று தலைமுறை ஒரே சிறைக்கூடத்தில் இருந்த காலம் அது. அங்கே கிழவியும் குமரியும் என்ன பேசியிருப்பார்கள்? மாமியார் குறையையும் மருமகள் குறையையுமா பேசியிருப்பார்கள்? பேச வேறு விஷயம் இருக்குமிடத்தில் பெண்ணுக்குப் பெண் எதிரியாவதில்லை.

இன்னும் பாருங்கள். 1933-ல் "குடிஅரசு" தலையங்கத்திற்காக வழக்கு வந்தபோது, பத்திரிகையை வெளியிட்டவர் என்ற முறையில் பெரியாரோடு சிறை சென்றவர் அவருடைய தங்கை கண்ணம்மாள். 1973 டிசம்பரில் பெரியார் மறைந்தபின், 1978-ல் தாம் மறையும் வரையில் இயக்கத்துக்குத் தலைமை வகித்தவர் மணியம்மையார். கடவுள் மறுப்பு இயக்கத்துக்கு ஒரு பெண் தலைமையா என்று கேட்டவர்களுக்கு அவர் வாயால் பதில் சொல்லவில்லை, நடத்திக் காட்டினார்.

நாற்காலியும் நிலமும்

இப்போது பெண்களுக்கு நாற்காலிகள் வந்திருக்கின்றன. 1992-ல் செய்த அரசியல் சட்டத் திருத்தத்தினால் உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கு இடம் வந்தது. தமிழ்நாட்டில் 2016-ல் அது சரிபாதியாக்கப்பட்டு, 2019 டிசம்பர் ஊராட்சித் தேர்தல் அப்படியே நடந்தது. பார்லிமெண்டிலும் சட்டசபைகளிலும் மூன்றில் ஒரு பங்கு வேண்டுமென்ற மசோதா 1996-ல் முதலில் வந்து, 27 வருடம் கழித்து 2023-ல் நிறைவேறிற்று. அதிலும் மக்கட்தொகைக் கணக்கும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே அமல் என்று எழுதி வைத்தார்கள். விருந்துக்கு அழைத்துவிட்டு, முதலில் பந்தல் போடட்டும், பிறகு இலை போடுகிறோம் என்ற கதைதான். 2021 தேர்தலில் தமிழ்நாட்டுச் சட்டசபையின் 234 இடங்களில் பெண்கள் ஜெயித்தது 12. 2024-ல் லோக்சபையின் 543 இடங்களில் 74.

கிடைத்த நாற்காலியிலும் பல இடங்களில் உட்காருகிறவர் யார்? பெயர்ப்பலகையில் மனைவி, பேச்சில் கணவர். "தலைவர் வீட்டுக்காரர்" என்று அவருக்கு ஒரு பட்டம். ஏன் இப்படி நடக்கிறது என்று ஆராய்ந்து பார்த்தால், அந்தப் பெண்ணுக்கு அறிவில்லாததல்ல காரணம். இருக்க வீடும் உண்ணச் சோறும் அவருடையதாயிருக்கும்போது, அவர் நீட்டுகிற காகிதத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று எப்படிச் சொல்லுவாள்? 1921-ல் சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டு என்று தீர்மானித்தார்கள். ஆனால் அக்காலத்தில் சொத்தோ வரியோ இருந்தால்தான் ஓட்டு. சொத்தே இல்லாத பெண்களுக்கு அந்த ஓட்டு எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கும்? இன்றைக்கு எல்லாருக்கும் ஓட்டு வந்தாயிற்று. ஆனால் தலைமை மாத்திரம் இன்னும் சொத்துள்ளவர் கையிலேயே இருக்கிறது. சொந்தமாக ஒரு மா நிலமோ, ஒரு வீடோ, ஒரு சம்பளமோ இல்லாத பெண்ணின் நாற்காலி இரவல் நாற்காலிதான்.

ஆகவே தலைமை என்பது மேடையில் ஆரம்பிப்பதல்ல. "இதில் கையெழுத்துப் போடமாட்டேன்" என்று பிறந்த வீட்டாரிடம் சொல்லுகிற இடத்தில்தான் அது ஆரம்பிக்கிறது. அந்தச் சுய உதவிக் குழுத் தலைவிக்கு வங்கியில் இருந்த தைரியம் வீட்டிலும் வந்த நாளில்தான் அவர் முழுத் தலைவியானார். அந்தத் தைரியம் சட்டப் புத்தகத்திலிருந்து மாத்திரம் வரவில்லை. மகளின் சட்ட அறிவும் தாயின் வாழ்நாள் அனுபவமும் ஒன்று சேர்ந்தபோதுதான் வந்தது. பேத்தி சட்டத்தைச் சொன்னபோது சண்டை வந்தது. தாய் கேள்வியைக் கேட்டபோது உண்மை வந்தது.

நமது பாக்கி

இவ்வளவும் பேசுகிற நாம் என்ன செய்தோம் என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியது நமது கடமை. பதினைந்து வருடங்களுக்கு முன் நமது வீட்டிலும் ஒரு விடுதலைப் பத்திரம் எழுதப்பட்டது. நமது சகோதரியார் கையெழுத்துப் போட்டார். அன்று மாலை நாம் வேறோர் ஊரில் பெண்ணுரிமையைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினோம். கை தட்டினார்கள். அந்தப் பத்திரத்தைப் பற்றி நமக்கு ஒரு நினைவும் வரவில்லை. மேலே சொன்ன வீட்டிலிருந்து திரும்பிய பிறகுதான், அதில் நமது பங்குக்கு வந்த பாகத்தைச் சகோதரியார் பேருக்கு எழுதிக் கொடுத்தோம். நம் சகோதரர்கள் பங்கு இன்னும் பாக்கி. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பதினைந்து வருட வரும்படியைக் கொடுக்காதவனுக்குப் பெருமை ஏது? சுயமரியாதைக்காரர் வீடுகளிலேயே இப்படி இருந்தால் மற்ற வீடுகளைப் பற்றிச் சொல்ல நமக்கு யோக்கியதை என்ன என்பதற்காகவே சொல்லுகிறோம். நமது தோழர்கள் ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பத்திரங்களைப் பார்க்கட்டும்.

இனி என்ன செய்ய வேண்டும்?

வயதான தாய்மார்களே! நீங்கள் பட்டதை மறைக்காதீர்கள். பிறந்த வீட்டுக்கு அசிங்கம், புகுந்த வீட்டுக்கு அசிங்கம் என்று நீங்கள் விழுங்கிக்கொண்டதெல்லாம், உங்கள் பேத்தியின் கழுத்துக்குக் கயிறாக வந்து சேருகிறது. உங்களுக்கு நடந்த அநியாயத்தைப் பொறுமை என்றும் கற்பு என்றும் பெயர் வைத்து அவளுக்குக் கொடுக்காதீர்கள். அநியாயம் என்றே பெயர் சொல்லிக் கொடுங்கள்.

நடுவயதுத் தாய்மார்களே! கோலம் போடவும் குழம்பு வைக்கவும் மகளுக்குச் சொல்லிக் கொடுப்பதோடு நிற்காதீர்கள். வங்கிக்குப் போகும்போதும், சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும்போதும், கிராம சபைக்குப் போகும்போதும் மகளைக் கூட அழைத்துக்கொண்டு போங்கள். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று ஆகியவை என்னவென்று அவளுக்குத் தெரியட்டும். மகனையும் அழைத்துப் போங்கள். தன் பங்கு எவ்வளவு என்பதோடு, எது தன் பங்கல்ல என்பதும் அவனுக்குத் தெரிய வேண்டும்.

படித்த இளம்பெண்களே! உங்கள் பாட்டிக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த சட்டம் ஒருவர் போட்ட பிச்சையல்ல. 1929-ல் கேட்டவர்களும், 1938-ல் சிறைக்குப் போனவர்களும் உங்கள் பாட்டிக்குப் பாட்டி வயதுடையவர்கள். ராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989-ல் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் வந்தது. 2022-ல் அதே அம்மையார் பெயரில், அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் என்று அது மாற்றப்பட்டது. தாலிக்குக் கொடுத்த பணம் படிப்புக்குக் கொடுக்கும் பணமாக மாறியிருக்கிறது. அந்தப் பணத்தைக் கையில் வாங்குகிற பெண்ணுக்கு, அந்த அம்மையார் யார் என்று சொல்லுவதற்கு வீட்டில் ஒரு ஆள் இருக்க வேண்டாமா?

எனவே தோழர்களே, இன்றைக்கு இராத்திரி வீட்டுக்குப் போனவுடன் ஒவ்வொரு பெண்ணும் தன் தாயையோ பாட்டியையோ மூன்று கேள்விகள் கேட்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். நீ எந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாய்? ஏன் போட்டாய்? அப்புறம் என்ன ஆயிற்று? இவ்வளவுதான். பதில் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். ஆண்கள் பக்கத்திலிருந்தால் அவர்களும் நாம் அன்றிருந்ததுபோல் சும்மா இருக்கட்டும். அதன்பிறகு உங்கள் முன்னால் ஒருவர் பேனாவை நீட்டினால் என்ன செய்ய வேண்டுமென்று, நாம் வந்து சொல்ல வேண்டிய அவசியமே இராது.